வாசலை மறித்து நிற்கும் பைக்

2022ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். களுதாவளையில் வீடு, மட்டக்களப்பு நகரத்தில் வேலை என்று இருந்தவருக்கு அது நாலாம் நாளே முடிந்துவிடும். மிச்ச நாளைக்கு பஸ், இல்லாவிட்டால் யாருடையதோ பைக்கின் பின்சீட். 2020இல் தொடங்கிய வாகன இறக்குமதித் தடையும் அப்போது இருந்தது. பழைய பெற்றோல் பைக்குக்கே அது புதிதாக விற்ற விலையை விடக் கூடிய விலை. அந்த நெருக்கடியில்தான் எங்கள் பக்கம் பற்றரி பைக் பெருகியது. இன்றைக்குக் கல்லடிப் பாலத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் சத்தமில்லாமல் நம்மை முந்திப் போகிறவர்களில் ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்பவர்கள், மீன் பெட்டி கட்டிய வியாபாரிகள், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் என்று எல்லாரும் இருக்கிறார்கள்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. 60 வோல்ட், 20 அம்பியர்-மணிப் பற்றரி. முழுதாக நிரப்ப ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் எடுக்கும், அவ்வளவுதான். பெற்றோல் விலையோடு ஒப்பிட்டால் கேள்வியே இல்லை. ஆகவே இதைப் பற்றரி பைக்குக்கு எதிரான கட்டுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இருப்பது ஒரு கேள்வி: அந்த பைக் ராவில் எங்கே நிற்கிறது?

எங்கள் வீடுகளில் இதற்கு அநேகமாக ஒரே பதில்தான். முன் ஹோலில், கிறில் கதவுக்கு உள்ளே. வெளியில் விட்டால் கள்ளன் கொண்டுபோய்விடுவான், மாரியில் நனைந்துவிடும், பிளக்கும் ஹோலில்தான் இருக்கிறது. பத்து மணிக்குக் கிறிலை இழுத்து, ஆமைப்பூட்டைப் போட்டு, பைக்கைச் சார்ஜில் கொழுவிவிட்டு எல்லாரும் படுத்துவிடுவோம். சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் இடங்களில் சில வீடுகளுக்குப் பின்வாசலே கிடையாது. பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடைய சுவர். வெளியே போவதற்கு இருப்பது ஒரு வழி. அந்த வழியில்தான் பைக் நிற்கிறது.

உலகத்தில் பற்றரித் தீயில் ஆட்கள் இறந்த செய்திகளை அடுத்தடுத்து வாசித்தால் இந்த ஒரே வழிச் சங்கதி திரும்பத் திரும்ப வரும். 2024 பெப்ரவரி 23ஆம் திகதி சீனாவின் நான்ஜிங் நகரத்தில் ஒரு அடுக்குமாடியில் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது மின்சைக்கிள்களை விட்டிருந்த தரைத்தளத்தில். மேலே இருந்தவர்களுக்குப் புகை கீழிருந்து வந்தது, இறங்க வேண்டியதும் அந்தப் பக்கமாகவே. 2022 செப்டெம்பரில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்த 8 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் கீழே மின்ஸ்கூட்டர் விற்பனை நிலையம். அதே ஆண்டு மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். தமிழ்ச் செய்திகளில் நாம் எல்லாரும் பார்த்ததுதான். பார்த்துவிட்டு அன்றிரவும் பைக்கை ஹோலில் சார்ஜில் போட்டோம்.

லண்டனில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் என் அக்காவின் மகன் முதலில் இதைப் பற்றி என்னோடு பேசினான். "சின்னம்மா, இங்க வீட்டுக்காரர் சைக்கிளை உள்ளே கொண்டுவர விடமாட்டார்" என்று முறைப்பாடாகத்தான் தொடங்கினான். 2023 மார்ச்சில் கிழக்கு லண்டனின் ஷட்வெல் பகுதியில், ஆட்கள் நெருக்கமாக இருந்த ஒரு ஃபிளாட்டில் மின்சைக்கிள் பற்றரி எரிந்து பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு வாடகை வீடுகளில் கெடுபிடி கூடிவிட்டது. அவனுக்கு வீட்டுக்காரர் மேல் கோபம். எனக்கு அந்த வீட்டுக்காரர் சொன்னது சரியாகவே பட்டது. ஆனால் உழைக்கிற பிள்ளை பைக்கை எங்கே விடுவான், எங்கே சார்ஜ் போடுவான் என்பதற்கும் அவர் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். "உள்ளே கொண்டுவராதே" என்று மட்டும் சொன்னால் கட்டிலுக்குக் கீழே ஒளித்துச் சார்ஜ் போடுவார்கள். அப்படித்தான் நடந்தும் இருக்கிறது.

நியூயோர்க்கில் 2023ஆம் ஆண்டு மட்டும் இந்த லித்தியம் பற்றரிகளால் 268 தீ விபத்துகள், 18 இறப்புகள். அந்த ஆண்டு செப்டெம்பர் 16 முதல், பரிசோதனைச் சான்று இல்லாத மின்சைக்கிளையும் பற்றரியையும் விற்பதை நகரம் தடைசெய்தது. பழைய பற்றரியில் இருந்து கழற்றிய செல்களைச் சேர்த்துப் புதுப் பற்றரி கட்டுவதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. 2024இல் இறப்புகள் 6 ஆகக் குறைந்தன. தீ விபத்துகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. என்னை யோசிக்க வைத்தது இந்த இரண்டாவது செய்திதான். தீயை முற்றாக நிறுத்த முடியாத இடத்திலும் ஆள் சாவதைக் குறைக்க முடிந்திருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லிவிடுகிறேன். பைக்கின் பற்றரிப் பெட்டியைத் திறந்தால் விரலளவு உருளைகள், அதாவது செல்கள், அடுக்கடுக்காக இருக்கும். பரவலாக இருப்பது 18650 என்ற அளவு, அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். ஒவ்வொரு உருளையிலும் ஒரு செப்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, அவற்றின் மேல் பூசிய பொருள்கள், இரண்டையும் தொடவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். அந்தத் தாளின் தடிப்பு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். எல்லாம் ஊறிக்கிடப்பது எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தில். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு செல் சூடேறத் தொடங்கினால், 130 பாகை செல்சியஸ் அளவில் அந்தத் தாள் உருகிவிடும். தகடுகள் தொட்டுக்கொள்ளும். சூடு இன்னும் ஏறும். 200 பாகையைத் தாண்டினால் சில வகைப் பற்றரிகளில் நேர்மின்வாய்ப் பொருளே ஒட்சிசனை வெளியே விடும். பிறகு பக்கத்துச் செல், அதற்குப் பக்கத்துச் செல் என்று, வருஷப்பிறப்புக்குக் கொளுத்தும் சீனவெடிக் கட்டு மாதிரி ஓடும். காற்றை மறித்து அணைக்கும் தீ இது இல்லை. சூட்டை இறக்கினால்தான் நிற்கும்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, விழுந்துடும்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் விழுவது கரண்ட் கசிந்து நிலத்துக்குப் போகும்போது. பற்றரிக்கு உள்ளே தாள் உருகுவது அதற்குத் தெரியவே தெரியாது. வீட்டு வயரிங் தாங்குமா என்ற பயமும் பெரும்பாலும் தேவையில்லாதது. சாதாரண சார்ஜர் ஒன்று சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ ஒரு அம்பியர். அயன்பொக்ஸ் அதைப்போல நாலைந்து மடங்கு எடுக்கும். வயர் தாங்கும். ஆனால் இறுக்கமில்லாத அடப்டர், மூன்று முனை பிளக்கின் மேல் துளையில் பேனையைக் குத்தித் திறந்து செருகிய இரண்டு முனை, அதன் மேல் மல்டி பிளக், அதன் மேல் போன் சார்ஜர் என்று கோபுரம் கட்டினால் அந்த மூட்டு மணிக்கணக்கில் சூடாகிக்கொண்டே இருக்கும். அது பற்றரியால் வரும் தீ இல்லாவிட்டாலும் எரியப்போவது அதே ஹோல்தான்.

இனி இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நேரம் எடுக்கப்போவது சார்ஜர் பற்றி. எங்கள் ஊர்களில் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நெருக்கடிக் காலத்தில் வாங்கிய பைக்குகள் பலவற்றில் வந்தது ஈய அமிலப் பற்றரி. 12 வோல்ட் பெட்டிகள் நாலோ ஐந்தோ. பாரம் கூட, ஆனால் லித்தியம் மாதிரி எரியாது. இரண்டு வருடத்தில் அது படுத்துவிடும். அப்போது கடையில் சொல்வார்கள்: "லித்தியத்துக்கு மாத்துங்க, பாரம் இல்ல, தூரமும் ஓடும்." மாற்றுகிறோம். பற்றரிக்கே பெரிய காசு போய்விடும். சார்ஜர் பழையது நன்றாகத்தானே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று வந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் (மெக்கானிக்) காத்தான்குடியில் இந்த வேலை செய்கிறார். கைராசிக்காரர், நேர்மையானவர், நான் கேட்கும் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவர். ஒரு நாள் அவரிடமே கேட்டேன், "நானா, பழைய சார்ஜரைக் குடுத்து அனுப்புறீங்களே, அது சரியா?"

"டீச்சர், அதுவும் 60 வோல்ட், இதுவும் 60 வோல்ட். மறுகா என்ன?"

அந்த 60 என்பது பெயருக்கு எழுதும் எண். சார்ஜர் கடைசியில் எத்தனை வோல்ட் வரைக்கும் ஏற்றுகிறது என்பதுதான் கணக்கு. ஐந்து ஈய அமிலப் பெட்டிக்குச் செய்த 60 வோல்ட் சார்ஜர் 73 வோல்டுக்கும் மேலே போகும். சாதாரண லித்தியம் செல் ஒன்றின் உச்சம் 4.2 வோல்ட். 16 செல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த, அதாவது 16 செல் வரிசையில் உள்ள "60 வோல்ட்" பற்றரி நிரம்புவது 67.2 வோல்டில், 17 செல் வரிசை என்றால் 71.4இல். அதே 60 எழுதிய லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட் பற்றரி 20 செல் வரிசையானால் 73இல். பெட்டிக்கு வெளியே எல்லாவற்றிலும் ஒரே எண் ஒட்டியிருக்கும். 16 வரிசைப் பற்றரிக்குப் பழைய ஈய அமில சார்ஜரைக் கொழுவினால் ஒவ்வொரு செல்லும் 4.5 வோல்டுக்கு மேலே தள்ளப்படும். 48 வோல்டிலும் இதே கதை: 13 வரிசை லித்தியம் நிரம்புவது 54.6இல், ஈய அமில சார்ஜர் போவது 59 வரைக்கும்.

"அதுக்குத்தானே உள்ளுக்குள்ள பி.எம்.எஸ். போர்ட் இருக்கு, அது வெட்டிரும்" என்றார் பாஸ். உண்மைதான். செல்களைக் கண்காணிக்கும் சுற்றுப்பலகை அது, நல்ல போர்ட் என்றால் அளவு மீறும்போது கரண்டை வெட்டும். ஆனால் அந்தப் போர்டை வைத்திருப்பது எப்போதாவது பிழை நடந்தால் காப்பாற்றுவதற்கு. பழைய சார்ஜரைப் போட்டால் அதற்கு ஒவ்வொரு ராவும் காப்பாற்றும் வேலை. மலிவான போர்ட் ஒன்று, உப்புக்காற்றில், குலுங்கும் றோட்டில், எத்தனை வருடத்துக்கு அதைச் செய்யும்? போர்ட் செத்த நாள் யாருக்கும் தெரியாது. பைக் வழக்கம்போல ஓடும், சார்ஜரும் வழக்கம்போல ஏற்றும். அளவு மீறி ஏறும் செல்லில் லித்தியம் உலோகமாகப் படியும், முள் மாதிரி வளரும், அந்த மெல்லிய தாளைக் குத்தும். ஒரு ராவில் நடப்பதல்ல, அதனால்தான் யாரும் பழைய சார்ஜரைச் சந்தேகிப்பதில்லை.

பாஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மீற்றரை எடுத்து, மேசையில் கிடந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். இப்போது அவர் பற்றரி மாற்றிக் கொடுக்கும்போது சார்ஜரின் மேல் எந்த பைக்குக்கு, கடைசி வோல்ட் எத்தனை என்று பெயின்ற்றால் எழுதிக் கொடுக்கிறார். புதுச் சார்ஜர் வாங்கச் சொல்லும்போது சிலர் "காசு புடுங்கப் பாக்கிறான்" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்களாம். அது அவருடைய கவலை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் சரியாகச் செய்கிறவன் வியாபாரத்தை இழக்கிற இடத்தில் பாதுகாப்பு நிலைக்காது. மாநகர சபையும் நகர சபையும் வருடாவருடம் கடைகளுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கின்றன. பற்றரி மாற்றும் கடைக்கு அந்தப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை போடலாம்: லித்தியத்துக்கு மாற்றினால் பொருத்தமான சார்ஜரோடுதான் பைக் வெளியே போக வேண்டும், பற்றுச்சீட்டில் செல் வரிசையும் கடைசி வோல்ட்டும் எழுதப்பட வேண்டும். இதற்குப் பாராளுமன்றம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கழற்றிய செல்களில் கட்டும் பற்றரி பற்றி அவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பழைய லப்டொப் பற்றரியில் நல்ல செல்களைப் பொறுக்கி எடுத்து, நிக்கல் பட்டியில் ஒட்டிக் கட்டினால் பாதி விலை. வேலை இல்லாத ஒரு பையனுக்கு அந்தப் பாதி விலைதான் பைக் ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கிறது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெவ்வேறு வயதுச் செல்கள் ஒன்றாக நிரம்பாது, ஒன்றாக இறங்காது. பலவீனமான செல்தான் ஒவ்வொரு முறையும் அடிவாங்கும். எந்தச் செல் எப்போது விழுந்து நசுங்கியது என்பதை மீற்றர் காட்டாது. நியூயோர்க் தடைசெய்ததை நான் காத்தான்குடியிலும் தடைசெய்யச் சொல்வேன். அவர் சொல்ல மாட்டார்.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. லித்தியத்திலேயே அயன் பொஸ்பேட் வகை, சூடேறினாலும் ஒட்சிசனை எளிதில் விடாது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், அதிலும் எரியக்கூடிய வாயு வரும். என்றாலும் மற்ற வகையை விட நிதானமானது. பாரமும் இடமும் கொஞ்சம் கூட எடுக்கும். தெரிவு இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு கஷ்டங்கள் இருக்கின்றன. ஒன்று சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள் போய் நின்று பாருங்கள். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடிய உச்ச வெப்பம் பொதுவாக 45 பாகை. வெயிலில் ஓடி வந்த பைக்கைத் தகரத்துக்குக் கீழே உடனே கொழுவினால் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறோம். அரை மணித்தியாலம் நிழலில் ஆறவிட்டால் போதும். மற்றது வெள்ளம். மாரியில் வாவி ஏறி வளவுக்குள் வரும்போது பைக்கின் அடிப்பகுதி நனையும். வாவித் தண்ணீரில் உப்பு இருக்கிறது, உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும், காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளியோடு கடல்நீர் புகுந்த மின்கார்கள், தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. வெள்ளம் வடிந்ததும் துடைத்துவிட்டு "வேலை செய்யுதா பாப்பம்" என்று சார்ஜில் போடுவதுதான் நம்முடைய வழக்கம். நனைந்த பற்றரியை வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து தள்ளி, தூரமாக வைத்து, பாஸைக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரின் பைக்கும் இப்படித்தான். கட்டாருக்குப் போனவருடைய பைக் மாதக்கணக்கில் மூலையில் நிற்கும், பற்றரி முற்றாக இறங்கிவிடும். மிகவும் இறங்கிய செல்லில் செப்பு கரைந்து வேறிடத்தில் படியும். அதைத் திரும்ப ஏற்றும்போது உள்ளே குறுக்குச்சுற்று உண்டாகலாம். லீவில் வருகிறார் என்று முதல்நாள் ராவில் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள்.

இப்போது கள்ளனுக்கு வருவோம். "பைக்க வெளியில விட்டுட்டு நான் எப்பிடிப் புள்ள நித்திரை கொள்ளுற?" என்று என் மாமி கேட்டார். அவருடைய பயம் கற்பனை இல்லை. எங்கள் ஒழுங்கையில் சைக்கிளும் தண்ணீர் மோட்டரும் களவு போயிருக்கின்றன. பற்றரித் தீயை அவர் பார்த்ததில்லை, கள்ளனைப் பார்த்திருக்கிறார். பார்த்ததற்குத்தான் பூட்டுப் போடுவார். நான் அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு வீட்டை ஒருமுறை சுற்றி வந்தேன். பக்க விறாந்தையில், குசினிச் சுவருக்கு வெளியே, சீமெந்துத் தரையில் ஒரு இடம் இருந்தது. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், பக்கத்தில் ஜன்னல் இல்லை, விறகும் இல்லை. சுவரில் ஒரு இரும்பு வளையத்தைக் கொங்கிறீற்றோடு பதித்து, சங்கிலி போட்டோம். மூடியுள்ள வெளிப்புற பிளக் ஒன்றை எலக்ரீசியன் போட்டுத் தந்தார். சுவிட்ச் குசினிக்கு உள்ளே. பைக் வெளியே, சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில். மாமி முதல் ராவு நித்திரை கொள்ளவில்லை. இப்போது கொள்கிறார்.

பக்க விறாந்தை எல்லாருக்கும் கிடையாது என்பது தெரியும். ஹோலை விட்டால் வேறு இடமே இல்லாத வீட்டில் இரண்டு விஷயம் செய்யலாம். பற்றரி கழற்றக்கூடியது என்றால் பைக் எங்கே நின்றாலும் பற்றரியை மட்டும் வெளியே போகும் வழியிலிருந்து தள்ளி, குளியலறை முற்றம் போலத் தரையும் சுவரும் எரியாத ஓரிடத்தில் சார்ஜ் போடலாம். மெத்தை, சோபா, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். கழற்ற முடியாதது என்றால் நேரத்தை மாற்றலாம். எங்களுக்குப் பள்ளி விடுவது ஒன்றரைக்கு. ஆறவிட்டு இரண்டரைக்குக் கொழுவினால், 3 அம்பியர் சார்ஜரில் வெறுமையாக இருந்த 20 அம்பியர்-மணிப் பற்றரியும் ராவு ஒன்பதரை பத்துக்குள் நிரம்பிவிடும். நாளொன்றுக்கு இருபது கிலோமீற்றர் ஓடுபவருக்கு அதில் பாதி நேரம்கூடத் தேவைப்படாது. முழித்திருக்கும்போது மணம் தெரியும், சத்தம் கேட்கும். ராவில் படுக்கும்போது பைக் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு நிற்கட்டும். கிறில் சாவியையும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஆணியில் மாட்டுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

என்னை இன்னும் பயமுறுத்துவது போர்டிங்குகள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். பைக்குகள் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மல்டி பிளக்கில் மூன்று சார்ஜர். சீனாவில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து உயர்மாடிக் கட்டடங்களின் வாசல், படிக்கட்டு, பொது வழிகளில் மின்சைக்கிளை நிறுத்துவதும் சார்ஜ் போடுவதும் தடை. நான்ஜிங் அதற்குப் பிறகும் நடந்தது, ஆகவே தடையை எழுதி வைத்தால் மட்டும் போதாது. போர்டிங் வீட்டுக்காரர் முற்றத்தில் ஒரு சிறு கொட்டிலும் நாலு பிளக்கும் போட்டு, கரண்ட் காசை வாடகையோடு வாங்கட்டும். பெற்றோர் வாடகை பேசப் போகும்போது தண்ணீர் இருக்கா, வைபை இருக்கா என்று கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் நடந்துவிட்டால்? பற்றரி ஊதியிருப்பது, இனிப்பான பெயின்ற் தின்னர் மாதிரி மணம், இஸ்ஸென்ற சத்தம், சார்ஜில் இல்லாமலே சூடு: இதில் எது கண்டாலும் சார்ஜ் போடாதீர்கள். வெள்ளைப் புகை வரத் தொடங்கிவிட்டால் அது எரியக்கூடிய வாயு, நச்சும் கூட. தூக்கிக்கொண்டு வெளியே ஓட நினைக்க வேண்டாம், கையில் வைத்தே வெடிக்கக்கூடும். எல்லாரையும் வெளியே எடுத்து, வரும்போது அறைக் கதவை இழுத்துச் சாத்தி, தூரத்தில் நின்று தீயணைப்புக்கு எடுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. இலக்கத்தை இன்றைக்கே போனில் போட்டு வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது. எரிகாயத்துக்கும் புகை குடித்தவருக்கும் 1990 அம்புலன்ஸ். மண்ணும் பவுடரும் மேல் சுவாலையை அணைக்கும், உள்ளே சூடு இருந்தால் திரும்ப மூளும். நிறையத் தண்ணீர்தான் வேலை செய்யும், ஆனால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, அதுவும் தூரத்தில் நின்று செய்யக்கூடியவர் செய்ய வேண்டிய வேலை.

கடைசியாக, செத்த பற்றரிகள். ஈயப் பற்றரிக்குப் பழைய இரும்புக்காரர் காசு தந்து வாங்கிப் போவார். லித்தியத்தை யாரும் கேட்பதில்லை. பாஸின் கடை மூலையில் ஊதிப்போனவை அரிசிச் சாக்கில் குவிந்து கிடந்தன, மேலே ரயர், பக்கத்தில் பெற்றோல் கான். குப்பை வண்டியில் போட்டால் அமுக்கும்போது நசுங்கி அங்கே எரியும். வாவியில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இப்போதைக்கு அவர் முனைகளுக்கு ஒட்டுநாடா (ரேப்) ஒட்டி, பாதி வெட்டிய பீப்பாய் ஒன்றில் காய்ந்த மண்ணுக்குள் புதைத்து, மழைபடாமல் மூடி, கடைக்குப் பின்னால் வெளியில் வைத்திருக்கிறார். பீப்பாய் நிரம்பிக்கொண்டு வருகிறது. இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று நகர சபையிடம் எழுத்தில் கேட்கப்போகிறோம். கடிதம் நான் எழுதுகிறேன், கையொப்பம் அவர் போடுகிறார்.